இரும்புக் கேற்றுக்கு வெளியே

யோகனை அந்த வீட்டு வாசலின் இரும்புக் கேற்றுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நான் வீதியின் மறுபக்கம் போனேன். அங்கே நின்றால்தான் வீடு முழுவதும் படத்துக்குள் அடங்கும். இந்தப் பக்கம் நின்றால் யோகனும் ஒரு தூணும்தான் வரும். ஒரு தூணைக் காட்டி ஊரில் யாரை மயக்குவது?

மொன்ட்ரியாலில் வெஸ்ட்மவுண்ட் மலைச்சரிவு. இலையுதிர்காலத்து ஞாயிறு. மழை விட்டிருந்தது. மேப்பிள் இலைகள் நனைந்து வீதியெல்லாம் ஒட்டிக் கிடந்தன. மிதித்தால் தேநீர் வடித்த சக்கையின் மணம் வந்தது.

யோகன் போட்டிருந்த கோட்டு அவனுடையது அல்ல. பின்னால் இருந்த வீடு அவனுடையது அல்ல. ஓரமாய் நின்ற கார் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. சப்பாத்து மட்டும் சொந்தம். அதனால்தான் அதை மறைக்கப் பார்த்தான்.

"சப்பாத்து வராமல் எடுங்கோ, அண்ணை."

வீடு முழுக்க வரவேண்டும், சப்பாத்து வரக்கூடாது, இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று கத்தினேன். அவன் கொஞ்சம் யோசித்தான். யாரோ வேலைக்காரன் கூட்டிக் குவித்து வைத்திருந்த இலைகளைக் காலால் இழுத்து, கணுக்கால்வரை புதைத்துக்கொண்டான்.

"இப்ப சரியோ?"

"சாடியில நட்டுவைச்ச மாதிரி நிக்கிறாய். சிரி."

அவன் சிரிக்கவில்லை. குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டான். பொத்தானை அமத்தினேன். அந்த ஒரு அமத்தலில் ஒரு கலியாணம் குழம்பியது.

நாலு பேருக்கு ஒரு கோட்டு

கோட் டி நேஜ் பக்கம் ஒரு பேஸ்மென்ட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நான், யோகன், எங்கள் எல்லோருக்கும் மூத்த மணியண்ணை, இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு இரவு வேலை. அவரை நாங்கள் நித்திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறோம்.

கமரா என் கைக்கு வந்தது ஒரு தேவாலயத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில். அறிவுள்ளவர்கள் அங்கே சட்டி பானை வாங்கினார்கள். நான் கமரா வாங்கினேன். சோறு வடிக்கச் சட்டி இல்லாத வீட்டில் கமரா எதற்கு என்று மணியண்ணை பல நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு முதல் ஆளாய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து தன்னைப் படம் எடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

அந்த நாளில் அகதியாய் வந்த ஒவ்வொருவனும் ஊருக்கு ஒரு படம் அனுப்பியே ஆகவேண்டும். காசு பிந்தினால் மன்னிப்பார்கள். படம் பிந்தினால், பெடியன் வழியிலேயே செத்துப்போனான் என்று அழத் தொடங்கிவிடுவார்கள். படத்தில் ஆள் இருந்தால் மட்டும் போதாது. பின்னால் ஒரு நல்ல கட்டடம் நிற்கவேண்டும். எங்கள் பேஸ்மென்ட்டின் பின்னால் நின்றது குப்பைத் தொட்டி.

அதனால் ஞாயிறு வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு வெஸ்ட்மவுண்டுக்குப் போவோம். மொன்ட்ரியால் நடுவில் இங்கிலிஷ்காரர் தங்களுக்கென்று வைத்திருந்த தனி ஊர் அது. நகர மண்டபம் கருங்கல்லில் கோபுரம் வைத்துக் கோட்டை மாதிரி நிற்கும். நூலகத்தோடு ஒட்டி ஒரு கண்ணாடிக் கூடம், உள்ளே பூக்களும் வாழையும். தெருவுக்குத் தெரு பழைய தேவாலயங்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தமிழன், ஒரே கோட்டோடு.

இந்தத் தொடரில் நான் அழுகையும் குளிருமாய் எழுதுகிறேனாம், மொன்ட்ரியாலின் அழகான கட்டடக்கலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். ஒரு வாசகர் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். ஐயா, எனக்குத் தெரிந்த கட்டடக்கலை இவ்வளவுதான்: எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றால் யாரும் வந்து விரட்டமாட்டார்கள். அந்தப் பாடத்தில் நான் நல்ல மாணவன்.

படங்கள் ஊரில் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தவை வேறு கூத்து. நகர மண்டபத்தின் கோபுரத்தைப் பார்த்த மணியண்ணையின் மாமியார் அதைக் கோயில் என்று முடிவுகட்டி, மருமகனையும் சேர்த்துச் சாமியறையில் வைத்துவிட்டார். கண்ணாடிக் கூடத்தில் எடுத்த படத்தைப் பார்த்த இன்னொரு தாய், அங்கேயும் வாழை குலை போட்டு நிற்கிறதே, பிறகேன் குளிர் குளிர் என்று எழுதுகிறாய் என்று மகனைக் கண்டித்தார். தபால் கந்தோரில் சந்தித்துக்கொண்ட தாய்மார் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கனடா அரசாங்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோட்டுத்தான் கொடுக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். அரசாங்கம் கொடுக்கவில்லை. வாடகை பாக்கி வைத்து ஓடிப்போன ஒருவன் விட்டுச்சென்றது.

தேயிலைக்காரன் வீடு

யோகனுக்கு நான் தெரிந்தெடுத்த வீடு சும்மா வீடு அல்ல. கேற்றுத் தூணில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. தேயிலை இறக்குமதி செய்த வியாபாரி ஒருவர் போன நூற்றாண்டில் கட்டிய மாளிகை, பாதுகாக்கவேண்டியது, அப்படி இப்படி என்று அதில் எழுதியிருந்தது. எந்த நாட்டுத் தேயிலை என்று எழுதவில்லை. அது வெட்கமா மறதியா தெரியாது.

எங்கள் நாட்டுத் தேயிலையில் கட்டிய வீட்டுக்கு முன்னால் எங்கள் நாட்டுக்காரன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. மணியண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீ எப்ப ராசா கொழுந்து பறிச்சனீ?" என்று கேட்டார். அதுவும் சரிதான். மலைத்தோட்டங்களில் பறித்தவர்களை நாங்கள் ஒருநாளும் எங்கள் ஆட்களாய் எண்ணியதில்லை. வீடு கட்டிய பிறகு மட்டும் அது எங்கள் தேயிலையாகிவிட்டது.

அன்றைக்குப் படம் எடுத்து முடித்த கையோடு வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைத் தலை, நீலக் கம்பளிச் சட்டை, முதுகு வளையாத ஒரு துரைசாணி. வாசற்படியில் நின்றபடியே, யாரைத் தேடி வந்தீர்கள் என்று இங்கிலிஷில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபமாய்க் கேட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். மரியாதையாய்க் கேட்டதால் ஓடவேண்டியிருந்தது. ஆளுக்கு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டோம். யோகன் இலைக் குவியலுக்குள் இருந்து காலை இழுத்தபோது ஒரு சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. துரைசாணி பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

ஜன்னல் எண்ணியவர்

படம் எதற்கு என்று சொல்லவேண்டும். யோகனுக்கு ஒரு தங்கை, வசந்தி. தகப்பன் இல்லை. அவர்கள் வீடு ஆமி முகாமுக்குக் கிட்ட. ஷெல் விழத் தொடங்கினால் தாயும் மகளும் வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்கிவிடுவார்கள். வசந்திக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. அது கலியாணம் மட்டும் அல்ல. அந்தக் கிடங்குக்குள் இருந்து அவள் வெளியே வர இருந்த ஒரே வழி.

ஊரிலேயே இருந்த மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தமையனைப் பற்றி விசாரித்தார். மணியண்ணை உடனே ஆலோசனை சொன்னார்: நல்ல கட்டடமாய்ப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு, குடும்பத்துக்கு ஒரு எடுப்பாய் இருக்கும். யோகன் பொய் ஒன்றும் எழுதவில்லை. படத்தின் பின்பக்கத்தில் 'நான் நலம்' என்று மட்டும் எழுதினான். மிச்சப் பொய்யைப் பார்த்தவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வாழ்நாள் முழுக்க ரயில் பெட்டி எண்ணியவர். படத்தைக் கையில் வாங்கி வீட்டின் ஜன்னல்களை எண்ணினார். மாடியில் இத்தனை, கீழே இத்தனை, கூரைக்குள் தனியாய் ஒன்று. எண்ணிக்கை சரிதான், நான் பிறகு பார்த்தேன். எண்ணிவிட்டு யோகனின் தாயிடம் கேட்டாராம்: "இவ்வளவு ஜன்னல் இருக்கு. ஒரு ஜன்னலை எங்கட சின்னவனுக்கு ஒதுக்கக் கூடாதோ?"

சின்னவன் என்றால் மாப்பிள்ளையின் தம்பி. கலியாணத்துக்கு முன் யோகன் அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டுத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். அதுதான் நிபந்தனை. சீதனம் கேட்கவில்லை, நாகரிகமான குடும்பமாம்.

யோகனின் அகதி வழக்கு அப்போது விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. நாட்டில் நிற்க விடுவார்களா திருப்பி அனுப்புவார்களா என்று அவனுக்கே தெரியாது. இவன் இன்னொருவனைக் கூப்பிடவேண்டும். வைத்திருக்க இடமும் இருந்தது, இரவு வேலைக்காரரின் மெத்தையில், அவர் வேலைக்குப் போன பிறகு.

தாயின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு யோகன் இரண்டு நாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. உண்மையை எழுது என்றேன். மணியண்ணை சரிவராது என்று தலையாட்டினார்.

"இப்ப வீடு இல்லை எண்டு எழுதினால், வித்துப் போட்டான் எண்டுதான் நினைப்பினம்."

உண்மையைப் படம் எடுத்தோம்

எழுதினால் நம்பமாட்டார்கள் என்றால் படமாய் அனுப்புவோம் என்றேன். பொய் சொன்ன அதே கமரா உண்மையும் சொல்லட்டும். யோகன் மாட்டேன் என்றான். அம்மா பார்த்தால் அழுவா என்றான். தங்கை பங்கருக்குள் கிடக்கிறாள், உனக்கு மானம் பெரிதா என்று ஏசினேன். அதற்குப் பிறகு எழும்பி முகம் கழுவினான். கோட்டை எடுத்தான். பிடுங்கி எறிந்தேன்.

பேஸ்மென்ட்டை எடுத்தேன். கூரையோடு ஒட்டிய ஒரே ஜன்னல், அதற்கு வெளியே நடந்துபோகிற சனங்களின் கால்கள். நிலத்தில் மெத்தைகள். ஒன்றில் வழக்கம்போல இரவு வேலைக்காரர் நித்திரை. வெங்காயமும் ஈரச் சப்பாத்தும் கலந்த அந்த நாற்றத்தைப் படம் எடுக்க வழியில்லை, அது ஒன்றுதான் குறை.

பிறகு யோகன் கோப்பை கழுவுகிற உணவகத்துக்குப் போனோம். பின்கதவால் உள்ளே விட்டார்கள். அவனுடைய நெஞ்சுயரத்துக்குக் கோப்பைகள். ஆவி வந்து லென்ஸை மூடியது. மூன்று தரம் துடைத்தேன். நாலாம் தரமும் மங்கலானபோது, நான் பிரெஞ்சுச் சமையல்காரனின் முன்னால் தமிழில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். அவன் மெர்சி என்று நன்றி சொன்னான். யோகன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் எடுத்த முதற்படம் அது. முழங்கைவரை நுரை.

அனுப்பினோம். அவமானத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம்.

பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படங்களை ஒவ்வொன்றாய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தாராம். பெடியன் ஹோட்டலும் நடத்துகிறான் போல, அதுவும் தானே இறங்கி வேலை செய்கிறான், நல்ல பழக்கம் என்றாராம். கீழ் அறையை வேலைக்காரருக்குக் கொடுத்திருக்கிறான். வேலைக்காரனைப் பகலில் நித்திரை கொள்ளவும் விடுகிறான். இப்படிப்பட்ட தங்கமான பிள்ளையிடம் சின்னவனை ஒப்படைக்கப் பயமில்லை. வந்ததும் ஹோட்டலில் காசு மேசையில் இருத்திவிடட்டும்.

அன்றைக்கு நான் கமராவை உடைத்திருப்பேன். மணியண்ணைதான் மறித்தார். அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கு நான் படம் எடுப்பதாய் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வசந்தி எடுத்த முடிவு

ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. ஊரில் இருந்து அழைப்பு என்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். யோகன் எடுத்தான். நானும் பக்கத்தில் காதை வைத்தேன். வசந்தி, பட்டணத்தில் ஒரு கடையில் இருந்து.

"அண்ணா, கெதியாய்க் கேள். அம்மா பக்கத்தில இல்லை. கலியாணம் வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டன்."

"ஆர் சொன்னது?"

"நான்தான். அவையின்ர வீட்டை நேர போய்ச் சொன்னனான்."

யோகன் சுவரோடு சாய்ந்தான். உனக்குப் பைத்தியமா, நான் ஏதாவது செய்திருப்பேனே என்றான். என்ன செய்திருப்பான் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"அது உன்ர வீடில்லை எண்டு முதற்படத்திலேயே எனக்குத் தெரியும். சொந்த வீட்டுக்காரன் கேற்றுக்கு வெளியில கையைக் கட்டிக்கொண்டு நிப்பானோ? சப்பாத்தையும் இலைக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறாய். பள்ளிக்கூடப் படத்திலயும் இருக்கிற வாங்குக்குப் பின்னால காலை ஒளிச்சவன்தானே நீ."

"தெரிஞ்சால் ஏனடி அப்பவே சொல்லேல்லை?"

லைன் இரைந்தது. அவள் சத்தமாய்ச் சொன்னாள்.

"அம்மா கனகாலத்துக்குப் பிறகு நாலு சனத்துக்கு முன்னால சிரிச்சவ. அதைப் போய் நான் கெடுக்கிறதோ?"

பிறகு அவள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னதைச் சொன்னாள். மனுசன் தன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம், படிப்பைப் பற்றிக்கூட. ஜன்னலைப் பற்றித்தான் கதைத்தாராம். "அப்ப உங்கட மகனுக்கு அந்த வீட்டையே பொம்பிளையாய் எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

லைன் அறுந்துபோனது. யோகன் கையில் பிடித்தபடியே நின்றான். மெத்தையில் கிடந்த இரவு வேலைக்காரர் கண்ணைத் திறந்து, "நல்ல பிள்ளை" என்றார். அவர் கதைத்து நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

நல்ல பிள்ளைதான். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அவள்தான் அந்தக் கிடங்குக்குள் இறங்கி ஏறினாள், ஸ்டேஷன் மாஸ்டர் அல்ல. வீரமான பெண் என்று பிறகு எல்லோரும் புகழ்ந்தார்கள். ஷெல்லுக்குப் புகழ் தெரியாது. யோகன் அந்தக் கோட்டை மறுபடி போடவே இல்லை.

உள்ளே போனவள்

யோகனுக்குக் கடைசியில் நிரந்தரமாய்த் தங்கப் பேப்பர் கிடைத்தது. தாயையும் தங்கையையும் கூப்பிட்டான். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வெளிப்படிக்கட்டு வைத்த ஒரு மூன்றாம் மாடி. தாய் வந்து இறங்கி ஜன்னல்களைப் பார்த்தார். "இது காணும், இவ்வளவே போதும்" என்றார். அந்த மாளிகைப் படம் அவருடைய பெட்டிக்குள் இருந்தது, பொலித்தீனில் சுற்றி.

வசந்தி வந்த கிழமையே அந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்றாள். எல்லோரும் பார்க்கிற இடங்கள் எத்தனையோ இருக்க இது எதற்கு என்று யோகன் சண்டை பிடித்தான். தாய் வரமாட்டேன் என்றார். அந்த வீட்டின்மேல் தனக்குக் கோபம் என்றார்.

மூன்று பேரும் மெட்ரோ எடுத்து, பஸ் எடுத்து, மலை ஏறினோம். கோடைகாலத் தொடக்கம். வெட்டிய புல்லின் மணம். நான் பழக்கதோஷத்தில் வீதியின் மறுபக்கம் போய்க் கமராவைத் திறந்தேன். யோகன் பழக்கதோஷத்தில் கேற்றுக்கு வெளியே நின்றான். இலை இல்லாததால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான்.

வசந்தி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கேற்றைக் கையால் தள்ளினாள்.

அது திறந்துகொண்டது. பூட்டு இல்லை. இத்தனை வருடமும் பூட்டு இருந்ததா என்று நாங்கள் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் நடந்துபோய் வாசற்படியில் ஏறி நின்றாள்.

"வெளியில வாடி, சனம் பாக்குது" என்றான் யோகன்.

"நீ உள்ளுக்கு வா. இப்ப எடுங்கோ அண்ணை."

கதவு திறந்தது. அதே துரைசாணி, இப்போது கையில் ஒரு தடி. அதே கேள்வி, அதே மரியாதை. யாரைத் தேடி வந்தீர்கள்?

எனக்கும் யோகனுக்கும் மன்னிப்பு வாய்வரைக்கும் வந்துவிட்டது. வசந்தி தன்னுடைய பள்ளிக்கூட இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கிவைத்துப் பதில் சொன்னாள். ஒருவரையும் தேடி வரவில்லை. இந்த வீட்டைப் பார்க்கத்தான் வந்தேன். எங்கள் ஊரில் இந்த வீட்டைத் தெரியாத ஆட்களே இல்லை.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

துரைசாணி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். எந்த ஊர் என்று கேட்டார். வசந்தி சொன்னாள். அவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்த்து இரண்டு இடத்தில் உடைத்தார். பிறகு, அவ்வளவு தூரத்திலா என்று கேட்டுக்கொண்டே கையால் தலைமுடியைச் சரிசெய்தார். பக்கத்து வீட்டுக்காரரே இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். வசந்தி, நீங்களும் வந்து நில்லுங்கள் என்று இடம் விட்டாள். துரைசாணி தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்து நின்றார். எல்லோருக்கும் ஒளிக்க ஒன்று இருக்கிறது.

யோகன் கடைசியாய் உள்ளே வந்தான். கேற்றைக் கடக்கும்போது கீழே பார்த்துக்கொண்டு வந்தான். புதுச் சப்பாத்து. நான் வீதியைக் கடந்து, கேற்றுக்குள் வந்து, கிட்ட நின்று எடுத்தேன். வீடு முழுவதும் வரவில்லை. ஒரு தூணும் அரை ஜன்னலும் மூன்று ஆட்களும்தான். சப்பாத்துகள் எல்லாம் தெளிவாய் விழுந்திருந்தன.

தனக்கும் ஒரு படம் அனுப்ப முடியுமா என்று துரைசாணி கேட்டார். அனுப்பினேன். பின்பக்கத்தில் தமிழில் 'நாங்கள் நலம்' என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தை அவரே எழுதிக்கொள்ளட்டும்.